மூளைக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே

நான் பிரிஸ்பேனில் ஒரு கதிர்வீச்சு சிகிச்சை மையத்தில் மருத்துவ இயற்பியலாளராக வேலை பார்க்கிறேன். எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு கதிர் போக வேண்டும் என்று கணக்குப் போடுவதும், மெஷின் அந்தக் கணக்குப்படிதான் நடக்கிறதா என்று அளந்து பார்ப்பதும் என் பாடு. படித்ததும் தொழில் கற்றதும் சென்னையில். அங்கே இருந்தவரை வாய், தொண்டை, கர்ப்பப்பை வாய், மார்பகம் என்றே நாள் போகும். தலைத்தோலில் புற்றுநோய் என்று எப்போதாவது ஒருவர் வந்தால், சின்ன வயதில் பட்ட தீக்காயத் தழும்பில் கிளம்பியதாக இருக்கும். இங்கே வந்ததும் நிலைமை தலைகீழ்.

எங்களிடம் வருபவர்களில் ஒரு வகை உண்டு. எழுபது, எண்பது வயது. கரும்புத் தோட்டத்திலோ மாட்டுப் பண்ணையிலோ கட்டட வேலையிலோ ஆயுசைக் கழித்த வெள்ளைக்காரர். முப்பது வயதிலேயே முடி கொட்டி, அதற்கப்புறம் அடித்த வெயில் முழுக்க நேராக உச்சந்தலையில் இறங்கியிருக்கும். தொப்பியைக் கழற்றினால் சொரசொரப்பான செதில்கள், ஆறாத சின்னப் புண்கள், வெட்டி எடுத்த இடத்தில் தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல், அந்த ஒட்டுத்தோலின் ஓரத்திலேயே மறுபடி முளைத்த ஒரு கட்டி. எந்த இடத்தில் பிரச்சினை என்று அவரைக் கேட்டுப் பயனில்லை. மொத்தத் தலையும்தான் பிரச்சினை.

ஆஸ்திரேலியர்களில் மூன்றில் இருவருக்கு எழுபது வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் வந்துவிடும் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை; வெட்டி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒன்று போக இன்னொன்று வந்துகொண்டே இருக்கும்போதுதான் சிக்கல். இதற்கு ஒரு விளக்கம் 1953இலேயே வந்துவிட்டது. அமெரிக்க அறுவை மருத்துவர் டான்லி ஸ்லாட்டரும் உடன் ஆய்வு செய்தவர்களும் வாய்ப் புற்றுநோயை ஆராய்ந்தபோது, கட்டியைச் சுற்றி நலமாகத் தெரிந்த சதையிலும் மாற்றங்கள் இருப்பதைக் கண்டார்கள். ஒரு புள்ளியில் நோய் வரவில்லை, ஒரு வயலே கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். வெற்றிலை புகையிலை போடுகிறவர்களின் வாயைப் பார்த்த நம்மூர் மருத்துவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. தோலில் அந்த வேலையைப் புற ஊதாக் கதிர் செய்கிறது. 2015இல் இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வு நிலையத்தார், நான்கு பேரின் கண் இமையிலிருந்து எடுத்த நலமான தோலைத் துண்டு துண்டாக்கி மரபணு வாசித்துப் பார்த்தார்கள். சுமார் கால்வாசி செல்களில் புற்றுநோயை நோக்கித் தள்ளும் மாற்றம் ஏற்கெனவே ஏறியிருந்தது. அது இமைத் தோல். குயின்ஸ்லாந்து வழுக்கையில் நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட தலைக்கு யாரும் முதலில் கதிர்வீச்சு தருவதில்லை. திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். 5-எஃப்.யூ. என்ற புற்று எதிர்ப்புக் களிம்பு பூசுவார்கள், இரண்டு மூன்று வாரம் தலை ரணகளமாகி, பிறகு புதுத்தோல் வரும். இமிக்விமோட் களிம்பு, மருந்து தடவி ஒளி பாய்ச்சும் சிகிச்சை, விட்டமின் பி3 குடும்பத்தைச் சேர்ந்த நிக்கோட்டினமைடு மாத்திரை என்று வரிசையாக இருக்கிறது. அந்த மாத்திரையைச் சோதித்தது சிட்னியில். 2015இல் வந்த முடிவுப்படி, ஒரு வருடம் தினம் இரண்டு வேளை 500 மி.கி. எடுத்தவர்களிடம் புதிய தோல் புற்றுநோய்கள் 23 சதவீதம் குறைந்தன. ஆழமாக வேர்விட்டவற்றுக்கு அறுவை சிகிச்சை. இதெல்லாம் போதாமல் போய், தலையில் வெட்ட இனி இடமில்லை என்ற கட்டத்தில்தான் கோப்பு எங்கள் மேசைக்கு வரும்.

ஊரில் அம்மாவிடம் ஒருநாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "தலைல கரண்ட் வச்சா மூளைக்கு ஒண்ணும் ஆகாதாடா?" என்றார். எங்கள் வேலை மொத்தமும் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

தலைத்தோலின் தடிமன் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர். கீழே மண்டையோடு, அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவே. அதைத் தாண்டினால் மூளை. தேங்காயின் ஓட்டை மட்டும் சுட வேண்டும், உள்ளே பருப்பு சூடேறக் கூடாது என்று ஒருவர் கேட்பது மாதிரி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆரம்ப கால எக்ஸ்ரே மெஷின்களின் பெரிய குறை, கதிரின் உச்சம் தோலிலேயே விழுந்துவிடும் என்பது. உள்ளே இருக்கும் கட்டிக்குப் போதுமான அளவு போவதற்குள் தோல் வெந்துவிடும். 1951இல் கனடாவில் கோபால்ட் மெஷின் வந்ததும் உச்சம் தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழே இறங்கியது. பிறகு வந்த லினாக் என்ற கதிர் மெஷின்களில், சாதாரணமாகப் பயன்படும் 6 எம்.வி. (60 லட்சம் வோல்ட்) கதிருக்கு, அது ஒன்றரை சென்டிமீட்டர். தோல் தப்பித்தது, துறையே கொண்டாடியது. அந்த வரம்தான் தலைத்தோல் நோயாளிக்குச் சாபம். ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் அவருக்கு இருப்பது மூளை; நோய் இருப்பதோ, நாம் இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய மேல்தோலில்.

முழுத் தலைத்தோலுக்கும் சீராகக் கதிர் கொடுக்கும் வித்தை நூறு வருடத்துக்கு முந்தையது என்பது பலருக்குத் தெரியாது. அன்று அது புற்றுநோய்க்காக வந்ததில்லை. குழந்தைகளின் தலையில் வரும் படர்தாமரைக்காக வந்தது. மருந்து கிடையாது, முடியை வேரோடு உதிர்த்தால்தான் பூஞ்சை போகும். எக்ஸ்ரே பட்டால் சுமார் மூன்று வாரத்தில் முடி கொத்தாக உதிரும், சில மாதத்தில் மறுபடி முளைக்கும். உருண்டையான தலையில் எப்படிச் சீராகக் கொடுப்பது? வியன்னாவின் கீன்பெக் 1907இல் ஒரு வழி சொன்னார், லண்டனின் ஆடம்சன் 1909இல் அதைச் செம்மைப்படுத்தினார். தலையில் சம தூரத்தில் ஐந்து புள்ளிகள் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக மெஷினைத் திருப்பி, பக்கத்துப் பரப்பின் மேல் சரிந்து விழும் கதிரையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது. கையும் டேப்பும் மட்டும் வைத்துப் போட்ட வடிவக் கணக்கு. இன்று பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கிறது.

விளைவு அழகாக இல்லை. இஸ்ரேலில் 1940களின் கடைசியிலிருந்து 1960 வரை சுமார் 20,000 குழந்தைகளுக்கு இதைச் செய்தார்கள். பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். பாருக் மோடான் என்ற தொற்றுநோயியல் ஆய்வாளர் 1974இல் வெளியிட்ட கணக்கு, அந்தப் பிள்ளைகளுக்கு மூளை உறைக்கட்டிகளும் தைராய்டு புற்றுநோயும் அதிகமாக வந்ததைக் காட்டியது. தைராய்டுக்குச் சிதறிப் போன அளவு ஒரு கிரேயில் (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு) பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. 1994இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. நியூயார்க்கிலும் இரண்டாயிரத்துச் சொச்சம் குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கதிர் பட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகளின் தலையிலும் முகத்திலும் பேசல் செல் தோல் புற்றுநோய் கூடியது. கறுப்பினப் பிள்ளைகளிடம் அது மிகமிகக் குறைவு. கதிரும் வெயிலும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை. 1950களின் கடைசியில் கிரைசியோஃபுல்வின் மாத்திரை வந்தது, அந்த வைத்தியம் ஒழிந்தது.

எண்பது வயதுக்காரருக்குக் கொடுக்கும் கதிரும் ஆறு வயதுக் குழந்தைக்குக் கொடுத்த கதிரும் ஒன்றல்ல. கதிரால் வரும் புற்றுநோய் தலைகாட்டப் பல பத்தாண்டு ஆகும். எண்பதில் அந்தக் கவலை சின்னது. ஐம்பது வயதுக்காரருக்கு இப்படி ஒரு கோரிக்கை வந்தால், யாருக்கு என்ன சிகிச்சை என்று முடிவெடுக்கும் எங்கள் கூட்டத்தில் குரல் உயர்வதற்குப் பின்னால் அந்தப் பிள்ளைகளின் கதை இருக்கிறது.

சரி, இன்றைய முறைகளுக்கு வருவோம். தோலுக்கு இயல்பாகவே பொருத்தமானது எலக்ட்ரான். எக்ஸ்ரே மாதிரி ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்காது, 6 எம்.இ.வி. ஆற்றல் கொண்ட எலக்ட்ரான் சதையில் சுமார் 3 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். தோலின் மேலே ஒரு சென்டிமீட்டர் மெழுகு வைத்தால் எல்லை இன்னும் மேலே வரும். நெற்றியோரம் ஒரு கையகல இடம் என்றால் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. முழுத் தலை என்றால் தொல்லை. எலக்ட்ரான் மெஷினின் வாய் தட்டை, தலை உருண்டை. ஓரங்களில் கதிர் சாய்ந்து விழுந்து அளவு மாறும். பல துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்தால் இரண்டு துண்டு சேரும் கோட்டில் ஒன்று ஏறிக்கொள்ளும் அல்லது இடைவெளி விழும். ஏறினால் புண், இடைவெளி விழுந்தால் நோய் அங்கேயே திரும்பும்.

1980களின் கடைசியில் ஒரு கலப்பு முறை வந்தது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தினர் 1993இல் அதை அளந்து மெருகேற்றினார்கள். இரண்டு பக்கவாட்டிலும் எலக்ட்ரான். உச்சி, நெற்றி, பிடரி வழியாக ஓடும் நடு விளிம்புக்கு மட்டும் இரு பக்கத்திலிருந்தும் தோலை உரசிக்கொண்டு போகும் எக்ஸ்ரே. மூளை நடுவில் மறைப்புக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சில மில்லிமீட்டர் வேண்டுமென்றே ஏற்றிவைத்து, சிகிச்சையின் பாதியில் அந்தக் கோட்டையே ஒரு சென்டிமீட்டர் நகர்த்திவிடுவார்கள். மூத்த தலைமுறை இயற்பியலாளர்கள் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். எனக்கும் இதன் மேல் ஒரு பிரியம் உண்டு. செய்வதற்குத்தான் நேரமும் கைப்பழக்கமும் நிறைய வேண்டும்.

2008க்குப் பிறகு வி-மேட் என்ற முறை வந்து பெரும்பாலான மையங்களில் இதை ஓரங்கட்டிவிட்டது. மெஷின் தலையைச் சுற்றிச் சுழன்றுகொண்டே கதிர் விடும். சுழலும்போதே உலோகத் தகடுகள் திறந்து மூடிக் கதிரின் வடிவத்தை மாற்றும். ஒவ்வொரு கோணத்திலும் தலையின் விளிம்பை மட்டும் உரச வேண்டும் என்பதே உத்தி. நேர்ப்பார்வையில் தலைக்கு இரண்டு விளிம்பு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எதிரெதிரே இருக்கும் ஒரு ஜோடித் தகடு ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடைவெளியைத்தான் திறக்க முடியும். இரண்டு விளிம்பையும் ஒன்றாகத் திறந்தால் நடுவில் இருக்கும் மூளையும் திறந்துகொள்ளும். அதனால் ஒரு சுற்றில் ஒரு பக்கம், அடுத்த சுற்றில் மறுபக்கம் என்று பிரிக்கிறோம். கட்டிலைத் திருப்பி வேறு தளத்திலும் ஒரு சுற்று. அப்படியும் மூளை முழுவதும் ஒரு மெல்லிய அளவு படரத்தான் செய்யும். மூளையில் எலக்ட்ரான் கொஞ்சம் இடத்துக்கு நிறையக் கொடுக்கும், வி-மேட் நிறைய இடத்துக்குக் கொஞ்சம் கொடுக்கும். ஞாபக மறதி ஏற்கெனவே தொடங்கிய முதியவருக்கு எது நல்லது என்று கம்ப்யூட்டர் சொல்லாது.

கணக்கு எவ்வளவு நுட்பமானாலும் கடைசியில் எல்லாம் போலஸில் வந்து நிற்கும். தோலின் மேல் வைக்கும் செயற்கைச் சதைப் படலம்தான் போலஸ். அரை சென்டிமீட்டரோ ஒரு சென்டிமீட்டரோ தடிமன். கதிர் அதைத் தோல் என்று நம்பி, உச்சத்துக்கு ஏறும் வேலையை அதற்குள்ளேயே முடித்துவிட்டுத்தான் நிஜத் தோலைத் தொடும். தட்டையான போலஸைத் தலையில் வைத்தால் காதுக்கு மேலும் பிடரியிலும் மடிப்பு விழும், உள்ளே காற்று தங்கும். காற்றுக் குமிழி இருந்த இடத்தில் தோலுக்குப் போகும் அளவு குறையும். முன்பெல்லாம் மெழுகை உருக்கித் தலைக்கேற்ப வார்ப்போம். இப்போது சி.டி. படத்தை வைத்தே முப்பரிமாண அச்சில் ஹெல்மெட் மாதிரி எடுத்துவிடுகிறோம். அதன் மேல் இறுக்கமான பிளாஸ்டிக் முகமூடி. வாரத்துக்கு ஒருமுறை உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். பொருக்கு உதிர்ந்து, வீக்கம் வடிந்து, முதல் வாரம் கச்சிதமாக இருந்தது நான்காம் வாரம் லொடலொட என்று ஆகியிருக்கும். கதிரை அளக்கும் சின்ன ஃபிலிம் துண்டைத் தோலுக்கும் போலஸுக்கும் இடையில் செருகி நிஜமாக எவ்வளவு போகிறது என்று அளப்பேன். விளிம்புகளில் கம்ப்யூட்டர் சொன்னதை நான் அப்படியே நம்புவதில்லை.

இன்னொரு விஷயம். இந்த நோய் சி.டி.யில் தெரியாது. எது வரை கெட்டிருக்கிறது என்பதை மருத்துவர் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, மார்க்கர் பேனாவால் தலையில் கோடு போடுவார். அந்தக் கோட்டின் மேல் நாங்கள் மெல்லிய கம்பியை ஒட்டி சி.டி. எடுப்போம். பல கோடி ரூபாய் மெஷினின் மில்லிமீட்டர் துல்லியமெல்லாம் அந்தப் பேனாக் கோட்டைத்தான் பின்பற்றுகிறது.

மெஷினைத் தலைக்குத் தூரத்தில் வைக்காமல் கதிர்மூலத்தையே தோலருகே கொண்டுவரும் முறைகளும் உண்டு. மணிகள் கோத்த பாய் போன்ற ஒன்றைத் தலையில் பொருத்தி, அதன் குழாய்களுக்குள் இரிடியம்-192 மூலத்தை நிறுத்தி நிறுத்தி ஓட விடுவது ஒன்று. வளைவுக்கு நன்றாகப் படியும். ஆனால் காமா கதிருக்கு எல்லைக்கோடு கிடையாது, மூளைக்குள்ளும் போகும். ரீனியம்-188 பசை இன்னொன்று. தோலின் மேல் மெல்லிய தாளை ஒட்டி அதன் மேல் பசையைத் தடவுவார்கள். அதன் பீட்டா கதிர் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பெரும்பாலும் போகாது. ஒரே அமர்வில் முடிந்துவிடும். மெல்லிய புற்றுக்கு அருமையான யோசனை, தடித்ததற்கு எட்டாது.

அளவைப் பொறுத்தவரை, பரவலான பரப்புக்கு 45இலிருந்து 50 கிரே, கட்டி இருக்கும் இடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல். தினம் 2 கிரே என்று ஐந்தாறு வாரம். தொலைவிலிருந்து வரும் விவசாயிகளுக்கு மாநில அரசின் பயண மானியம் இருந்தாலும், நகரத்தில் அறை எடுத்துத் தங்குவது தனிப் பாடு. மிகவும் தளர்ந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை பெரிய அளவாகச் சில தவணைகளில் முடிப்பதும் உண்டு. மூன்றாம் வாரம் தலை சிவக்கும், கடைசி வாரங்களில் உரிந்து நீர் வடியும், முடிந்த ஒன்றரை மாதத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். முடி இருந்தால் அந்த இடத்தில் திரும்ப வராது. 43 கிரே அளவில் பாதிப் பேருக்கு நிரந்தரமாகப் போய்விடும் என்பது ஒரு ஆய்வின் கணக்கு. எங்கள் ஆட்களுக்கு அது கவலையே இல்லை. கவலைப்பட வேண்டியது பின்னால் வருவது. தோல் காகிதம் போல மெலிந்து, வருடங்கள் கழித்து ஒரு கீறலில் புண்ணாகி, கீழே எலும்பு தெரிய ஆரம்பிக்கலாம். ஏற்கெனவே வெட்டி, எலும்பின் மேலுறையை இழந்த இடங்களில் இது சீக்கிரம் வரும்.

இங்கேதான் சக ஊழியர்கள் சிலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. வி-மேட்டும் முப்பரிமாண அச்சும் வந்த பிறகு முழுத் தலைக்கும் கதிர் கொடுப்பது எளிதாகிவிட்டது. எளிதானதும் யாருக்குக் கொடுக்கிறோம் என்ற வட்டமும் பெரிதாகிறது. இன்னும் புற்றாக மாறாத வெயில் செதில்களுக்கும் முழு அளவு கதிர் கொடுக்கும் போக்கு இங்கே சில மையங்களில் இருக்கிறது. படங்கள் பிரமாதமாக இருக்கும். முன்பு கரடுமுரடு, பின்பு வழவழ. ஆனால் இதற்கான ஆதாரம் பெரும்பாலும், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத நோயாளித் தொகுப்புகள்தான். ஒரு தோலுக்கு 50 கிரே கொடுப்பது அதன் கையிருப்பைச் செலவழிப்பது. ஐந்து வருடம் கழித்து அதே இடத்தில் நிஜமான ஸ்குவாமஸ் செல் புற்று (தோலின் மேலடுக்குச் செல்களில் கிளம்புவது) வந்தால் மறுபடி கதிர் கொடுப்பது மிகக் கடினம், கதிர் பட்ட தோலில் வெட்டி ஒட்டுவதும் கடினம். செதிலுக்குக் களிம்பு போதும் என்பது என் கட்சி. திரும்பத் திரும்பப் புற்று வந்து, வெட்டிக் களைத்து, களிம்பும் கைவிட்ட முதியவருக்கு முழுப் பரப்புச் சிகிச்சை நியாயம். அவர்களில் பலர் அதற்குப் பிறகு நிம்மதியாக இருப்பதை நானே பார்க்கிறேன். கோர்லின் நோய்க்குறி என்ற மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் எந்த வயதிலும் கூடாது. கதிர் பட்ட இடமெல்லாம் புதிய பேசல் செல் கட்டிகள் முளைக்கும்.

சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள்தான் மிகவும் இக்கட்டானவர்கள். உறுப்பைக் காப்பாற்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருப்பதால் ஸ்குவாமஸ் செல் புற்று இவர்களுக்குப் பல பத்து மடங்கு அதிகம், வேகமும் அதிகம். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செமிப்லிமாப் என்ற, உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றின் மேல் ஏவிவிடும் மருந்து, முற்றிய தோல் புற்றின் கதையையே மாற்றியது. ஆனால் இவர்களுக்குக் கொடுத்தால் உடல் அந்தச் சிறுநீரகத்தையே உதறிவிடலாம். எதிர்ப்பை அடக்கும் மருந்தை சிரோலிமஸ் என்ற இன்னொன்றுக்கு மாற்றிப் பார்ப்பார்கள், அது புதிய புற்றுகளைக் குறைக்கும் என்று தெரியும். மற்றபடி கத்தியும் கதிரும்தான். இவர்கள் ஐம்பதுகளில் இருப்பார்கள், வருடா வருடம் ஏதாவது வரும். இருக்கிற கையிருப்பைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டியவர்கள் இவர்களே.

ஆஞ்சியோசார்கோமா கதை வேறு. ரத்தக்குழாய்ச் செல்லில் கிளம்பும் அபூர்வப் புற்று. முதியவர் தலையில் எங்கேயோ இடித்துக்கொண்ட கன்றல் மாதிரி ஆரம்பிக்கும், வாரக்கணக்கில் மறையாது. கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டித் தோலுக்குள் வெகுதூரம் ஓடியிருக்கும். அதற்கு முழுத் தலைத்தோல் சிகிச்சை பற்றி எனக்கு மறுப்பே கிடையாது.

மற்ற தலைகளுக்கு இப்போதெல்லாம் இரண்டு திட்டம் போட்டுத்தான் கூட்டத்துக்கு எடுத்துப்போகிறேன். ஒன்று முழுப் பரப்புக்கு, இன்னொன்று புற்று உறுதியான இடங்களுக்கு மட்டும். மூளைக்கு எவ்வளவு போகும், எவ்வளவு தோல் தொடப்படாமல் மிஞ்சும் என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் திரையில் போட்டுவிடுவேன். வேலை இரட்டிப்பு, முணுமுணுப்பும் உண்டு. பாதிக்கு மேற்பட்ட நேரம் சின்னத் திட்டம்தான் தேர்வாகிறது.